சோளகத்துக்குப் பூட்டிய கதவு

பட்டப்பகலில், அதுவும் ஆடி மாத வெயிலில், கதவு யன்னல் எல்லாவற்றையும் அடித்துப் பூட்டிக்கொண்டு ஒரு புருசனும் பெண்சாதியும் வீட்டுக்குள் இருந்தால் எங்கள் ஊர்ச் சனம் என்ன நினைக்கும்? புதிதாகக் கலியாணம் செய்தவர்கள் என்றால் சிரித்துவிட்டுப் போகும். செபமாலைக்கு நாற்பது கடந்துவிட்டது. கிறேசம்மாவுக்கும் காதோரம் நரைத்துவிட்டது. போதாக்குறைக்கு அந்த வீட்டுக் கூரையிடுக்கால் பிளாஸ்ரிக் உருகுகிற நாற்றம் வேறு வந்துகொண்டிருந்தது.

அது எண்பத்தாறாம் ஆண்டு. ஊர்காவற்றுறையிலிருந்து கடற்கரையோடு மேற்கே போனால் ஒரு கோயிலும் அதைச் சுற்றி முப்பது வீடுகளும் வரும். அதுதான் எங்கள் ஊர். தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்று கடலைப் புரட்டி எடுத்துக்கொண்டிருந்தபடியால் வள்ளங்களைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்துவிட்டு ஆண்கள் மீன்வாடிக்குள் கடதாசி விளையாடினார்கள். பெண்கள் வேலியோரம் இருந்து வலை பொத்தினார்கள். தொழில் இல்லாத காலத்தில் எங்கள் சனத்துக்கு வாய் சும்மா இராது. காரைநகரில் நேவி, ஊருக்குள் இயக்கப் பெடியள், அந்த இயக்கத்துக்குள்ளும் ஒன்றுக்கொன்று பகை. யாரைப் பார்த்தாலும் யாரோ ஒருவருடைய ஆள் மாதிரித்தான் தெரிந்தது.

“உவன் கொழும்பாலை வரேக்கை உடுத்த சாரத்தோடை வந்தவன். இப்ப எங்காலை உந்தச் சாமானெல்லாம்?” என்று தொடங்கினாள் பக்கத்து வளவுப் பரிமளம்.

“யாழ்ப்பாணத்திலை பிறிட்ஜ் திருத்திற கடையளிலை உடைஞ்ச கதவுகள் வாங்கிக்கொண்டு வாறானாம்.”

“கரண்ட் இல்லாத ஊரிலை பிறிட்ஜ் கதவு என்னத்துக்கு?”

“அதைத்தானே நானும் கேக்கிறன்.”

“நான் வேலிக்குள்ளாலை பாத்தனான். வட்டமாய், சட்டி மாதிரி ஒரு சாமானைச் சாக்காலை மூடிக்கொண்டு போறான். சோத்துச் சட்டியை ஆரும் சாக்காலை மூடுவினமே?”

வட்டமாய், சட்டி மாதிரி. அந்தக் காலத்தில் அந்த வார்த்தைக்கு எங்கள் ஊரில் ஒரே ஒரு பொருள்தான்: மிதிவெடி. அன்று பின்னேரமே கதை கோயிலடிவரை போய்விட்டது. நேவிக்காரன் அறிந்தால் ஒரு வீட்டையா கொளுத்துவான், முழுக் கரையையும் அல்லவா கொளுத்துவான் என்று சனம் கையைப் பிசைந்தது. போய் நேரே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவன் சொல்லியிருப்பான். ஆனால் கேட்டால் கதை முடிந்துவிடுமே!

உள்ளே நடந்தது இதுதான்.

செபமாலை கொழும்பில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் வேலை செய்தவன். சொக்கிலேற் பெட்டிக்குள் குழிகுழியாக ஒரு தட்டு இருக்குமே, அந்தத் தட்டைக் காற்றால் இழுத்து எடுக்கிற மெசினடியில் நின்றவன். எண்பத்துமூன்று கலவரத்தில் உயிர் தப்பிக் கப்பலில் வந்து இறங்கினான். கடற்கரையில் பிறந்தும் கடல் அவனுக்கு ஒத்துவரவில்லை. வள்ளம் ஆடினால் சத்தி எடுப்பான். சைக்கிளுக்கு ஒட்டுப் போட்டுச் சீவித்தான். அப்படி இருந்தவனைத்தான் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் சில்வெஸ்ரர் தேடி வந்தார்.

கோயில் பெருநாளுக்கு ஆவணியில் கூத்து. ஏரோது ராசா ஸ்நாபக அருளப்பரின் தலையை வெட்டுவிக்கிற கதை. ஆறு வருடத்துக்கு முன்னம் அதே கதையை ஆடியபோது இளநீர்க் கோம்பையில் கண்ணும் மூக்கும் கீறி, சிவப்பு மை பூசித் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார்கள். ஆடிக்கொண்டு வந்த ராசகுமாரத்தி, அதாவது சேலை உடுத்த ஒரு தடியன், கால் தடக்கி விழ, அருளப்பரின் தலை உருண்டு சனத்துக்குள் போனது. அழவேண்டிய இடத்தில் ஊர் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அண்ணாவியார் அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

“செபமாலை, இந்தமுறை ஒருத்தன் சிரிக்கக்கூடாது,” என்றார் அவர். “தலை தட்டிலை வரேக்கை பெண்டுகள் குழறவேணும். உம்மாலை ஏலுமோ?”

“தலை மட்டுமென்ன, ஏரோதுவின்ரை சேவகருக்குத் தொப்பியும் மார்க்கவசமும் சேத்துச் செய்து தாறன். ஒரு மெசினுக்கு வழி கண்டுபிடிக்கவேணும். அவ்வளவுதான்.”

வழியைக் கண்டுபிடித்துவிட்டான். மேற்பலகையில் ஊசித் துளைகள் போட்ட மரப்பெட்டி ஒன்று. அதன் அடியிலிருந்து ஒரு றப்பர்க் குழாய் பம்புக்குப் போகும். தண்ணீர்க் குழாயில் செய்த, முழங்கால் உயரப் பம்பு. சைக்கிள் பம்பு காற்றை அடிக்கும்; இவன் தோல் வாசரைத் திருப்பிப் போட்டிருந்தபடியால் இது காற்றை உறிஞ்சும். அரைப் பீப்பாவில் சிரட்டைக்கரி நெருப்பு. பிறிட்ஜ் கதவின் உட்பக்கத்துப் பிளாஸ்ரிக் தகட்டை வெட்டி, மரச்சட்டத்தில் இறுக்கி, நெருப்புக்கு மேலே பிடிப்பான். தகடு முதலில் முறுகும். பிறகு நடுப்பகுதி இளகித் தொய்யும். தொய்ந்த கையோடு பெட்டிமேல் இருக்கிற அச்சில் கவிழ்த்து, “இழு!” என்பான். கிறேசம்மா பம்பின் கைபிடியை நெஞ்சுவரை இழுத்துப் பிடிப்பாள். அவள் கரைவலை இழுத்து வளர்ந்தவள். அந்த இழுவைக்குத் தகடு சர்ரென்று போய் அச்சோடு ஒட்டிக்கொள்ளும். அது இறுகுமட்டும் கைபிடியை விடக்கூடாது. அந்த வீட்டில் மணிக்கூடு இல்லை. மூன்று ‘அருள்நிறைந்த மரியே’ சொல்லி முடித்தால் விடலாம்.

தொப்பிக்கு அச்சு களிமண் முட்டி. மார்க்கவசத்துக்கு ஒரு பழைய ஆமை ஓடு. எடுத்ததை ஓரம் வெட்டி, வள்ளத்துக்குப் பூசுகிற வெள்ளிப் பெயின்ற் அடித்தால் தகரத்தில் செய்தது மாதிரியே மின்னும்.

இந்த வேலைக்கு ஒரே எதிரி காற்று. இளகின தகட்டில் ஒரு வீச்சுக் காற்றுப் பட்டால் ஒரு பக்கம் இறுகிவிடும், மறுபக்கம் கிழிந்துவிடும். வெளியே வேலியைப் பிய்க்கிற சோளகம். அதனால்தான் கதவைப் பூட்டினார்கள், யன்னலுக்குச் சாக்கு அடித்தார்கள். இரண்டு பேரும் உள்ளே வியர்த்து ஊற்றி, அரைப் பிணமாக வெளியே வருவார்கள். சனம் அதையும் பார்த்து ஒரு கதை கட்டியது.

இனி இரண்டு இரகசியங்கள் இருக்கின்றன. எனக்கு ஒளித்து வைத்துக் கதை சொல்லத் தெரியாது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

செபமாலையின் இரகசியம் அறை மூலையில் சாக்குப் போட்டு மூடியிருந்த பெட்டி. அருளப்பருக்கு ஆடவிருந்தவன் கிறேசம்மாவின் தம்பி கிறிஸ்தோப்பர். தாய் செத்தபிறகு அவள்தான் அவனைச் சோறூட்டி வளர்த்தவள். சித்திரை மாதம், அவள் சந்தைக்குப் போயிருந்த ஒரு நாள், செபமாலை மைத்துனனைப் பாயில் கிடத்தி, மூக்குத் துவாரங்களில் பப்பாசிக் குழல் இரண்டைச் செருகி, சுரூபம் திருத்த வாங்கின வெள்ளைச் சாந்தைக் குழைத்து முகத்தில் அப்பினான். இறுகினதும் கழற்றினான். அந்தச் சாந்துக் கட்டிக்குள் கிறிஸ்தோப்பரின் முகம் பள்ளமாக, உள்வளமாக விழுந்திருந்தது. இளகின தகட்டை அந்தப் பள்ளத்துக்குள் இழுத்தால் அப்படியே கண்மூடின ஒரு முகம் வெளியே வரும். அந்தக் கட்டிக்கு ஊசித் துளைகள் போட்டு, அடியில் குழாய் செருக ஓட்டை வைத்த அந்தப் பெட்டிக்குள் இறுக்கி மூடிவைத்தான்.

“அத்தான், அக்காட்டைச் சொல்லிப்போடாதையுங்கோ,” என்று கிறிஸ்தோப்பர் முகத்தைக் கழுவிக்கொண்டே சொன்னான். “உயிரோடை இருக்கிறவன்ரை செத்த முகத்தை எடுக்கிறியளோ எண்டு ஊரைக் கூட்டிக் குழறுவா.”

அப்படித்தான் குழறியிருப்பாள். அதனால் மறைத்தார்கள். ஆனால் முகத்தில் பூசின எண்ணெய் போதாதபடியால் சாந்து இழுத்த இழுவையில் அவனுடைய இடது புருவம் பாதி பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.

“புருவம் எங்கையடா?” என்று அன்று பின்னேரம் கிறேசம்மா கேட்டாள்.

“லாம்பிலை பொசுங்கிப்போச்சு அக்கா.”

“லாம்பு கண்டுபிடிச்சு ஒரு புருவத்தை மட்டும் பொசுக்கினதோ?”

அவன் சிரித்துக்கொண்டு போய்விட்டான். அவளுக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை.

கிறேசம்மாவின் இரகசியம் அதைவிடப் பெரிது. கிறிஸ்தோப்பர் ஓர் இயக்கத்துக்கு வள்ளம் ஓட்டிக்கொண்டிருந்தான். ஊருக்குத் தெரியாது, செபமாலைக்கும் தெரியாது. கடலில் அவனுக்குப் பெயர் றெஜி. வைகாசியில் அந்த இயக்கத்தை இன்னோர் இயக்கம் தடைசெய்து, அதன் ஆட்களைத் தேடிப் பிடிக்கத் தொடங்கியது. ஒரு விடியப்புறம் அவன் தமக்கையின் காலடியில் வந்து இருந்து எல்லாவற்றையும் சொன்னான். அவள் அவனை எழுவைதீவில் தாயின் சொந்தக்காரர் ஒருவர் வீட்டில் கொண்டுபோய் ஒளித்தாள். ஊருக்கு “மன்னாருக்குத் தொழிலுக்குப் போட்டான், வெள்ளுடுப்புக்கு வந்திடுவான்” என்று சொன்னாள். வெள்ளுடுப்பு என்பது கூத்துக்கு முந்தின கடைசி ஒத்திகை. புருசனுக்கும் அதையே சொன்னாள்.

ஏன் புருசனுக்குச் சொல்லவில்லை? அதற்குப் பரிமளத்துக்குத்தான் நன்றி சொல்லவேண்டும்.

“கிறேசு, குறை நினையாதை,” என்று அவள் ஒரு நாள் வேலிக்கு இந்தப் பக்கம் தலையை நீட்டினாள். “உன்ரை மனுசன் சனிக்கிழமையளிலை யாழ்ப்பாணம் போறாரே, எங்கை போறாரெண்டு கேட்டனியோ?”

“பிறிட்ஜ் கடைக்கு.”

“கடை கோட்டைப் பக்கமோ? ஆமிக் காம்புக்குக் கிட்டக் கண்டவையாம். நான் சொல்லேல்லையப்பா, சனம் சொல்லுது. சிங்களமும் தண்ணி மாதிரிக் கதைப்பார்தானே.”

“போடி விசரி!” என்றுவிட்டுக் கிறேசம்மா திரும்பிவந்தாள். ஆனால் அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த செபமாலை நித்திரையில் சிங்களத்தில் என்னவோ புலம்பினான். அவன் கலவரத்தை நினைத்துப் புலம்பியிருப்பான். அவளுக்குத் தெரியும். தெரிந்தும் நெஞ்சுக்குள் ஒரு முள் ஏறிவிட்டது. அதற்குப்பிறகு அந்தச் சாக்குப் போட்ட பெட்டியைக் கடக்கும்போதெல்லாம் அவள் ஒருகணம் நின்று பார்ப்பாள்.

முள் ஒரு பக்கம் மட்டும் ஏறவில்லை. ஒரு நாள் குரக்கன் புட்டும் திருக்கைக் கறியும் வைத்து அவனுக்குச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருக்கும்போது அவன் கேட்டான்.

“வியாழக்கிழமை இறங்குதுறையிலை பொட்டலத்தோடை நிண்டியாம்?”

“ஆர் சொன்னது?”

“ஆரோ. நிண்டியோ இல்லையோ?”

“நிண்டனான். மடத்துச் சிஸ்ரரவைக்குப் பனங்காய்ப் பணியாரம் குடுத்துவிட்டனான்.”

“எந்தத் தீவிலை இருக்கிற சிஸ்ரரவைக்கு? அங்கையிருந்து எத்தினை தீவுக்குப் போட் போகுது.” அவன் கறியை விரலால் அளைந்தான். “பணியாரத்தோடை என்ரை கம்பளிச் சட்டையும் போட்டுதோ? ரண்டு நாளாய்த் தேடுறன்.”

“அது கிழிஞ்சதெல்லே. துடைக்க எடுத்துப்போட்டன்.”

“ம்.”

“நீங்கள் என்னைக் கேக்கிறியள். அந்த மூலைப் பெட்டிக்கை என்ன இருக்கு?”

“அது வெள்ளுடுப்பு அண்டைக்குத் தெரியும்.”

“பெண்சாதிக்குக் காட்டேலாத சாமானோ?”

“புருசனுக்குச் சொல்லேலாத சிஸ்ரர் மாதிரித்தான்.”

அவள் கறிச்சட்டியை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். அவன் புட்டைப் பாதியில் விட்டுவிட்டுக் கை கழுவினான்.

பெருநாளுக்கு மூன்று கிழமை இருக்கிறபோது பெடியள் வந்தார்கள். இரண்டு பேர், ஒரு சைக்கிளில். முன்னுக்கு வந்தவன் அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவன்; அமைதியாகக் கதைப்பான், அந்த அமைதிதான் பயம். மற்றவன் மெலிந்தவன், சாரத்துக்குள் துவக்கை மறைத்துப் பிடித்திருந்தான். வழியில் அண்ணாவியாரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். சனம் கூப்பிடாமலே வேலி முழுக்க வந்து நின்றது. பரிமளம் முன்வரிசையில்.

“அண்ணை, உங்களிலை ஒரு முறைப்பாடு,” என்றான் பொறுப்பானவன்.

“என்னிலையோ தம்பி?”

“மிதிவெடிக்குக் கோது செய்து குடுக்கிறியளாம். தடை செய்த ஆக்களுக்கு.”

“ஐயோ, மாதாவாணை இல்லைத் தம்பி!”

“இந்தக் கரையிலை றெஜி எண்டு ஒரு வள்ளக்காரன் அவைக்கு ஓடினவன். அவன்ரை வள்ளத்திலைதான் சாமான் போனதாம். அவனை நாங்கள் தேடுறம். இவன் ஒருக்கால் அவனோடை கடலிலை போனவன், முகம் கண்டால் சொல்லுவான்.” மெலிந்தவனைக் கையால் காட்டினான். மெலிந்தவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

குசினி வாசலில் கிறேசம்மா நின்றாள். தம்பியின் படம் ஒன்று வீட்டில் இல்லாததற்கு முதல்முறையாகக் கடவுளுக்கு நன்றி சொன்னாள்.

செபமாலை ஓடிப்போய்த் தொப்பிகளையும் மார்க்கவசங்களையும் அள்ளிக்கொண்டு வந்தான். அண்ணாவியாரும், “ஓம் தம்பி, கூத்துக்குத்தான். நான்தான் செய்யச் சொன்னனான்,” என்றார். பொறுப்பானவன் ஒரு தொப்பியை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தான், விரலால் தட்டிப் பார்த்தான்.

“தலையிலை வைச்சால் தொப்பி. கவிட்டால் சட்டி. ரண்டு சட்டியைச் சேத்தால்?” என்றான். “அஞ்சாறு தொப்பியைச் செய்து சாட்டுக்கு வைச்சுக்கொண்டு மற்ற வேலையைச் செய்யலாம்தானே. எனக்கு முன்னாலை செய்து காட்டுங்கோ.”

“காட்டுறன்.” செபமாலை நெருப்பை மூட்டினான். தகட்டை இறுக்கினான். பழக்கத்தில் கதவைச் சாத்தப் போனான்.

“கதவைத் திறந்து விடுங்கோ.”

“தம்பி, காத்துப் பட்டால் இது சரிவராது...”

“பூட்டிப்போட்டு என்ன செய்யிறியள் எண்டுதானே முறைப்பாடே வந்தது. திறந்து விடுங்கோ. யன்னல் சாக்கையும் எடுங்கோ.”

எடுத்தார்கள். சோளகம் உள்ளே புகுந்து சாம்பலைக் கிளப்பியது. செபமாலை முதுகை வாசலுக்குக் கொடுத்துத் தகட்டை மறைத்து மறைத்துப் பிடித்தான். முட்டிமேல் கவிழ்த்து, “இழு!” என்றான். கிறேசம்மா உயிரைக் கொடுத்து இழுத்தாள். தகடு ஒரு பக்கம் மடிந்து மறுபக்கம் படாரென்று பிளந்தது.

வேலிக்கப்பால் ஒரு முணுமுணுப்பு. “பாத்தியே, அவனுக்குத் தொப்பி செய்யவே தெரியாது,” என்று யாரோ சொன்னது உள்ளே கேட்டது.

பொறுப்பானவன் பெருமூச்சு விட்டான். “சரி அண்ணை. சட்டையைப் போட்டுக்கொண்டு வாங்கோ. முகாமிலை ஆறுதலாய் இருந்து கதைப்பம்.”

ஆறுதலாய்க் கதைக்கப் போனவர்கள் சிலர் திரும்பி வந்தார்கள். சிலர் வரவில்லை. சிலரை யாழ்ப்பாணத்து விளக்குக் கம்பங்களில் கட்டியிருக்கக் கண்டோம். அதை அறியாதவர் அந்த முற்றத்தில் ஒருவரும் இல்லை. செபமாலையின் வாய் கோணிக்கொண்டு போனது.

“தம்பி, தம்பி, ஒரு துண்டுத் தகடு கிடக்கு. கடைசித் துண்டு. தொப்பிக்குக் காணாது. அருளப்பற்றை தலைக்குக் காணும்.” அவன் மூலைப் பெட்டியை நோக்கிக் கையை நீட்டினான். “ஒரு மனுசன்ரை முகம் தம்பி. கண், மூக்கு, வாய் எல்லாம் வரும். அதை ஆராலும் வெடியெண்டு சொல்லேலாது. கதவை மட்டும் பூட்ட விடுங்கோ. நீங்கள் ரண்டுபேரும் உள்ளுக்கை நில்லுங்கோ, அண்ணாவியாரும் நிக்கட்டும். பிழைச்சுதெண்டால் நான் வாறன்.”

பொறுப்பானவன் யோசித்தான். “சரி, பூட்டுங்கோ.”

கதவைச் சாத்தினார்கள். யன்னலுக்குச் சாக்கு ஏறியது. அறைக்குள் நெருப்புத் தணலின் வெளிச்சம் மட்டும். செபமாலை பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து சாக்கை எடுத்தான், பள்ளத்துக்குள் சாம்பல் தூவினான். நின்றவர்களுக்கு அது வெறும் குழி. றப்பர்க் குழாயைச் செருகக் குனிந்தவள் கிறேசம்மா ஒருத்திதான். முகத்துக்குக் கிட்ட அந்தக் குழி. அதன் ஒரு பக்கத்தில், சாந்துக்குள் பாதி புதைந்து, கறுப்பாகச் சில மயிர்கள் நின்றன. இடது புருவம்.

அவளுக்கு எல்லாம் ஒரேயடியாக விளங்கியது. பொசுங்கின புருவம், தம்பியின் சிரிப்பு, புருசனின் பெட்டி. இந்த மனுசன் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. கூத்துக்கு ஒரு தலை செய்திருக்கிறான், அவ்வளவுதான். இத்தனை நாளும் அவனைச் சந்தேகப்பட்டோமே என்று நெஞ்சு கரிந்தது. அழ நேரமில்லை. தகடு நெருப்பில் முறுகத் தொடங்கிவிட்டது.

கைபிடி அவள் கையில். இழுத்துப் பிடித்தால் தம்பியின் முகம் மூக்கு முனை தப்பாமல் வெளியே வரும், இரண்டு முழத்தில் மெலிந்தவன் நிற்கிறான். இழுக்காமல் விட்டால் இதுவும் பிழைக்கும், புருசன் சட்டையைப் போட்டுக்கொண்டு அவர்களோடு போவான். நடுவில் நின்று யோசிக்க ஒருவரும் அவளுக்கு ஒரு நிமிடம் கொடுக்கப்போவதில்லை.

தகடு தொய்ந்தது. செபமாலை கவிழ்த்தான்.

“இழு!”

அவள் இழுத்தாள். இடுப்புவரை. அதற்குமேல் இழுக்கவில்லை. சர்ரென்று ஒட்டவேண்டிய தகடு ஒரு பெருமூச்சு மாதிரிச் சத்தம் போட்டுக் குழியின் பாதியில் நின்றது. செபமாலையின் காது அந்தச் சத்தத்தை அறியும்.

“இழு கிறேசு! என்னடி செய்யிறாய், இழு!”

“அருள்நிறைந்த மரியே வாழ்க!” என்று அவள் பெரிதாகச் செபிக்கத் தொடங்கினாள். கைபிடி இடுப்பிலிருந்து அசையவில்லை. “கர்த்தர் உம்முடனே...” அவன் இழு, இழு என்று கெஞ்சினான். மூன்று செபமும் முடியுமுன்பே தகடு இறுகிவிட்டது.

கழற்றி, கதவைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்தார்கள். உருண்டையாக ஒரு சாமான். கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு சொட்டைகள். மூக்கில்லை. வாய் ஒரு மடிப்பு. முகமென்றால் முகம், பூசணிக்காயென்றால் பூசணிக்காய்.

முதலில் சிரித்தவர் அண்ணாவியார்தான். பயம் தெளிந்த சிரிப்பு. “அட கோதாரி! இதுக்கு என்ரை இளநீர்க் கோம்பை திறமெல்லே!” அதைத் தூக்கிச் சனத்துக்குக் காட்டினார். வேலி முழுக்கச் சிரித்தது. மிதிவெடி என்று குசுகுசுத்த அதே வாய்கள். பரிமளம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டாள். பொறுப்பானவனுக்கே வாய் ஓரம் ஆடியது.

“இது ஆற்றை முகம் அண்ணை?” என்று கேட்டான்.

செபமாலைக்கு முகம் கறுத்துவிட்டது. நான்கு மாதம் பாதுகாத்த வேலை. “தம்பி, இது பிழைச்சுப்போச்சு. அச்சு திறம் அச்சு. வேணுமெண்டால் அச்சைப் பாருங்கோ, என்ரை மச்...”

அவன் திரும்பினான். கிறேசம்மா பெட்டிமேல் இருந்தாள். மயக்கம் வந்தவள் மாதிரி, சேலைத் தலைப்பால் முகத்துக்கு விசிறிக்கொண்டு, அச்சின்மேல் சாக்கைப் போட்டு அதன்மேல் ஏறிக் குந்தியிருந்தாள். கண் மட்டும் அவனைப் பார்த்தது. பத்துப் பதினைந்து வருடம் கூடிச் சீவித்தவன், அந்தக் கண்ணை அவனுக்குப் படிக்கத் தெரியும். என்ன என்று விளங்கவில்லை. ஆனால் வாயைத் திறக்கக்கூடாது என்பது விளங்கியது.

“...என்ரை மச்சம், என்ரை தலைவிதி,” என்று முடித்தான். “ஆற்றை முகமுமில்லைத் தம்பி. களிமண்ணிலை நானே பிடிச்சது. எனக்கு உதெல்லாம் வராது. கொழும்பிலை மெசின் செய்தது, நான் பாத்துக்கொண்டு நிண்டனான்.”

சனம் அதற்கும் சிரித்தது. பொறுப்பானவன் அந்தச் சாமானைத் திருப்பிக் கையில் கொடுத்தான். “சரி அண்ணை. இனிமேல் கதவைப் பூட்டிப்போட்டு ஒண்டும் செய்யாதையுங்கோ. சனம் பயப்பிடுது.”

மெலிந்தவன் தண்ணீர் கேட்டான். கிறேசம்மா எழும்பவில்லை. “தம்பி, எனக்குத் தலை சுத்துது, குடத்திலை கிடக்கு, வாத்துக் குடியும்,” என்றாள். அவன் குடித்தான், செம்பைக் கவிழ்த்து வைத்தான், “போட்டு வாறன் அக்கா,” என்றான். சைக்கிள் ஒழுங்கை முடக்கால் மறையுமட்டும் அவள் பெட்டியைவிட்டு எழும்பவில்லை.

பிறகு செபமாலை கதவைச் சாத்தினான்.

“வேணுமெண்டுதானே கையை விட்டனி?”

“ஓம்.”

“என்னை அவங்கள் கொண்டுபோயிருப்பாங்கள்.”

“அதுக்குத்தான் பாதி இழுத்தனான்.” அவள் சாக்கை எடுத்தாள். குழிக்குள் நின்ற மயிர்களை விரலால் தடவினாள். “அவங்கள் தேடுற வள்ளக்காரன் இவன்தான்.”

செபமாலை அப்படியே நிலத்தில் குந்திவிட்டான். வெளியே பனையோலைகள் அடித்துக்கொண்டன.

“நீ எனக்குச் சொல்லேல்லை.”

“நீங்கள் கோட்டைப் பக்கம் போறியள் எண்டு சனம் சொல்லிச்சுது. நானும்...” அவள் அழுதாள். “நானும் நம்பினனான். பாதி நம்பினனான். என்னை மன்னியுங்கோ.”

அவன் எழும்பிச் சுத்தியலை எடுத்தான். சித்திரையிலிருந்து தூசு படாமல் காத்த அச்சு. நாலு அடியில் அது தூளானது. தூளை வாரிக் குசினிக்குப் பின்னால் சுண்ணாம்புக் குவியலோடு கலந்துவிட்டு வந்தான். கிறேசம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனுக்குக் கிட்ட வந்தாள்.

“இனி உங்களுக்கு ஒளிக்கமாட்டன். அவன் மன்னாரிலை இல்லை. அவன் இருக்கிறது...”

“சொல்லாதை!”

அவன் அவளுடைய வாயைக் கையால் பொத்தியே விட்டான். கை முழுக்கச் சாந்துத் தூள்.

“நீ என்னை நம்பேல்லை எண்டு எனக்கு நெஞ்செல்லாம் எரியுது,” என்றான். “ஆனால் கேள். அந்தப் பெடியன் சட்டையைப் போடுங்கோ எண்டு சொன்னவுடனை என்ரை ரண்டு காலும் கழண்டுபோச்சு. அந்த நேரம் அவன் என்ன கேட்டிருந்தாலும் நான் குடுத்திருப்பன். நீ எங்கை பொட்டலம் அனுப்புறாய் எண்டு கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பன். எனக்கு என்னைத் தெரிஞ்சுபோச்சு கிறேசு. நாளைக்கும் வருவாங்கள். எனக்குத் தெரியாமலே இருக்கட்டும்.”

அவள் அவனுடைய கையைத் தன் வாயிலிருந்து எடுத்து, எடுத்த கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆவணியில் கூத்து நடந்தது. அருளப்பராக வேறொருவன் ஆடினான். தட்டில் இளநீர்க் கோம்பைதான் வந்தது, சனம் சிரித்தது. ஏரோதுவின் சேவகர்கள் மட்டும் வெள்ளித் தொப்பியும் கவசமும் போட்டு மின்னிக்கொண்டு நின்றார்கள்; அதை யார் செய்தது என்று யாரும் கேட்கவில்லை.

அதற்குப்பிறகு செபமாலை தகடு இழுக்கவில்லை. பம்பைக் கழற்றிச் சைக்கிள் கடைக்குக் கொண்டுபோய்விட்டான். ஆனால் வியாழக்கிழமைகளில், கிறேசம்மா குசினியில் பணியாரத்தையும் கருவாட்டுப் பொரியலையும் வாழையிலையில் வைத்துக் கட்டத் தொடங்கியதும், அவன் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி யன்னலுக்குச் சாக்கை இழுத்துவிடுவான். அவள் இறங்குதுறைக்குப் போய்த் திரும்பி வந்து கதவில் தட்டுமட்டும் வெளியே வரமாட்டான். உள்ளே என்ன செய்கிறான் என்று பரிமளம் வேலிக்கு மேலால் எட்டி எட்டிப் பார்த்தாள். கூரையால் புகைகூட வரவில்லை. அவன் உள்ளே நெருப்பு மூட்டியிருக்கவில்லை.